சுண்டல் பொட்டலத்தில் ஒரு லீவு லெட்டர்

“மேடம், அது தடயம். டிபன் இல்ல.”

ரேணுகா மேடம் காதிலேயே வாங்கவில்லை. அந்தச் சுண்டல் பொட்டலத்தை மூன்றாவது தடவையாக மூக்கருகே கொண்டுபோனார்.

“கறுப்புக் கொண்டக்கடலை. இஞ்சி போட்டிருக்கான். உப்பு கம்மி” என்றார்.

“சமைச்சவன் பேரு, நட்சத்திரம்?”

“வாயை வெச்சுக்கினு சும்மா இருடா இளவரசா.”

இளவரசன் நான்தான். பேர்தான் அப்படி. ராஜ்யம் என்று சொல்லிக்கொள்ள ஒரு லாட்ஜ் மாடியில் பத்துக்குப் பத்து அறை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. வாசலில் ‘ரேணுகாம்பாள் துப்பறியும் நிலையம்’ என்று ஒரு தகரப் பலகை. மேடம் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். இந்த ஊரில் சொல்லப்பட்ட பொய்சாட்சி அத்தனையும் அவர் விரல் வழியாகத்தான் காகிதத்தில் இறங்கியது. வெறுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். எங்களுக்கு வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே யாராவது உண்டா என்கிற ரகம். கொலை கேஸ் ஒன்றுகூட வந்ததில்லை. வரும் என்ற நம்பிக்கையில்தான் நான் பி.காம். படித்துவிட்டு இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

1998 ஆகஸ்ட் மாதத்து அந்தத் திங்கட்கிழமை காலையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் அபிநயா. இருபத்தோரு வயது. ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை செங்கம் பக்கம், ஹைஸ்கூல் வாத்தியார். தங்கமான பையன், விசாரிக்கவே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் வந்தது அம்மாவுக்காக.

அம்மா ஜோதியம்மாள், வேங்கிக்காலில் இருக்கும் பவளகிரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் ரெக்கார்டு கிளார்க். இருபத்து நாலு வருஷ சர்வீஸ். முப்பது பஸ், நூற்றைம்பது ஆள், அத்தனை பேருடைய ஃபைலும் அந்த அம்மாள் கையில்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஜனங்கள் ஓசிச் சுண்டல் வாங்கித் தின்றார்கள். தின்று முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். சுண்டல் சுற்றிய காகிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போடுகிறவன் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. உள்ளே பவளகிரி பஸ் டிரைவர், கண்டக்டர்களின் லீவு லெட்டர். டாக்டர் சர்டிபிகேட். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வியாதி, எல்லாம் அவரவர் கையெழுத்தில்.

“முதலாளி எங்க அம்மாவைத்தான் சொல்றாருங்க” என்றாள் அபிநயா. “அம்மா ஃபைலைத் திருடிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டாங்களாம். அது சுத்திச் சுத்திப் பொட்டலமா வந்துடுச்சாம். இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. நிரூபணமானா டிஸ்மிஸ். அதோட போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்றாரு.”

“அம்மா இன்னா சொல்றாங்க?”

“அதாங்க எனக்குப் பைத்தியமே பிடிக்குது. விஷயம் வெளிய வந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஓன்னு அழுதாங்க. ‘வேணாம்னு குறிப்பு எழுதிக் குடுத்தேன், அதுலயே கையெழுத்துப் போட்டுட்டு இப்ப என் தலைல கட்டறாங்களே’ன்னாங்க. யாரு கையெழுத்துன்னு சொல்லலை. மறுநாள் கேட்டா, ‘குறிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீ சும்மா இரு’ன்றாங்க. இப்ப வரைக்கும் அதேதான்.”

மேடம் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்போதுதான் கேஸ் ஏறியது.

“தன்னைக் காப்பாத்தற ஒரே காகிதத்தை ஒருத்தி இல்லவே இல்லைன்றா. ஏன்டா இளவரசா?”

“திருடியிருந்தா?”

அபிநயா என்னைப் பார்த்த பார்வையில் நான் பெஞ்சுக்கடியில் போகவேண்டியிருந்தது.

“இதைப் பாரு” என்று மேடம் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். “பசை எங்க?”

பார்த்தேன். பசை இல்லை. ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின் பளபளவென்று இருந்தது.

“பொட்டலம் ஒட்டறவங்க மைதாவைக் காய்ச்சி ஒட்டுவாங்க. பின் அடிக்கிறது எவன்? ஆபீஸ்காரன். சொந்தக் காசுல வாங்காத பின்தான் இவ்வளவு தாராளமா விழும். அப்புறம் அபிநயா, ஃபைல்ல மிச்சம் இன்னா இருக்குதுன்னு அம்மா சொன்னாங்களா?”

“ரெண்டு பக்கமும் எழுதின பேப்பருங்க எல்லாம் அப்படியே இருக்குதாம். ஒரு பக்கம் எழுதினதுங்க மட்டும் போயிடுச்சாம்.”

“எடைக்குப் போடறவன் ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னா பார்ப்பான்? மொத்தமா மூட்டை கட்டுவான். இவனுக்கு வெளிய வெள்ளையாத் தெரியணும். அழுக்கை உள்ள வெச்சு மடிச்சிருக்கான். இது திருட்டு இல்லடா. யாரோ உக்காந்து பொறுமையா, சுத்தபத்தமா பண்ணின வேலை.”

அபிநயாவின் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப அம்மா தப்பு பண்ணலைல்ல?”

“குறிப்பு கெடைக்கட்டும்” என்றார் மேடம். “மூணு மணிக்கு ஆபீஸ் பஸ் ஷெட் வாசலுக்கு வந்துடு.”

*

அந்தப் பொட்டலத்துக்குச் சொந்தக்காரன் மாறன். பவளகிரி பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பக்கத்தில் நின்றிருந்தான். தோளில் பை இல்லை, கையில் விசில் இல்லை. ரூட்டிலிருந்து தானே கேட்டு இறங்கிவிட்டானாம்.

பொட்டலத்துக்குள் இருந்தது மூன்று வருஷத்துக்கு முன் அவன் எழுதிய லீவு லெட்டர். ‘என் மனைவி யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டபடியால், தேடிப் பார்க்க எனக்கு மூன்று நாள் விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ ஊரில் எல்லோரிடமும் அவன் சொல்லி வைத்திருந்தது, பெண்டாட்டி அம்மா வீட்டில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் துணைக்கு இருக்கிறாள் என்று.

“என் பஸ்லயே ஒருத்தன் சத்தமா படிச்சான் மேடம். ஐம்பத்தஞ்சு சீட்டு, அதுக்குமேல ஸ்டாண்டிங். இப்ப டிக்கெட் கேட்டா, ‘கண்டக்டரே, வீட்டுக்காரம்மா கெடைச்சாங்களா’ன்றானுங்க. சின்னப் பசங்க கேக்கறானுங்க மேடம்.”

 

“படிச்சவன் அந்தப் பொட்டலத்தை எங்க வாங்கினான்?” என்று மேடம் கேட்டார்.

“அடி அண்ணாமலைலயாம். சும்மா குடுத்தாங்களாம்.” அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். “ஜோதிக்கா கையில நம்பித்தான் அந்த லெட்டரைக் குடுத்தேன். ‘யாருக்கும் தெரியாது மாறா, நீ போய்த் தேடு’ன்னாங்க. அவங்க நல்லா இருக்க மாட்டாங்க மேடம். எழுதி வெச்சுக்கங்க.”

மேடம் என் டி.வி.எஸ். மொபெட்டில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், “ஓட்டுடா, முன்னால பாத்து ஓட்டு” என்று காரணமே இல்லாமல் என்மேல் எரிந்து விழுந்தார்.

*

அடி அண்ணாமலையில் பௌர்ணமி அன்று கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் நாலு ஆடு, இரண்டு சாமியார், ஒரு சுக்குக் காப்பிக் கடை. கடைக்காரி பச்சையம்மாள். நிலக்கடலை வயலில் களையெடுத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓசிச் சுண்டல் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பாவிங்களைப் பத்தி ஏன் கேக்கற? மாசத்துல ஒரு நாள்தான் எனக்கு வேவாரம். அன்னிக்குன்னு பார்த்து நேர் எதுத்தாப்புல அண்டா அண்டாவா எறக்கி ஓசில குடுத்தா எங்கிட்ட எவன் முறுக்கு வாங்குவான்? புண்ணியம் அவனுக்கு, பட்டினி எனக்கு.”

“எதுல வந்து எறக்கறாங்க?” என்றார் மேடம்.

“பஸ்சுதான். பேர் எழுதின எடத்தையெல்லாம் வேட்டியைக் கட்டி மூடிக்கினு வருவாங்கோ. இன்னாடா இது, பஸ்ஸுக்குக் குளுருதான்னு கேட்டேன். தானம் பண்றவரு பேர் வெளிய தெரியக்கூடாதாம். சாமிக்கு மட்டும் தெரிஞ்சா போதுமாம்.”

“அவரைப் பாத்திருக்கீங்களா?”

“காருக்குள்ளயே உக்காந்திருப்பாரு. நெத்தி நெறைய விபூதி. ஒருவாட்டி நம்ம தினத்தந்திப் பேப்பர்ல சுத்திக் குடுங்களேன்டா, செலவு கம்மின்னு நானே சொன்னேன். அதுல கொலை, கொள்ளை, கள்ளக்காதல்னு அச்சுப் போட்டிருக்குதாம், பிரசாதத்துக்கு ஆகாதாம். வெள்ளைப் பேப்பர்தான் சுத்தமாம்.”

ஒரு மனுஷன் சுத்தம் பார்த்த லட்சணத்தைப் பாருங்கள். கள்ளக்காதல் செய்தி ஆகாதாம். மாறனின் கண்ணீர் ஆகுமாம்.

“மிச்சப் பொட்டலம் இன்னா பண்ணாங்க?” மேடத்தின் குரல் மாறியிருந்தது. கோர்ட்டில் குறுக்கு விசாரணை கேட்டுக் கேட்டு வந்த குரல் அது.

“தூக்கிப் போட இருந்தானுங்க. குடுடா, முறுக்குக் கட்டறதுக்கு ஆவும்னு நான் வாங்கி மாட்டிட்டேன். எனக்கு எங்க படிக்கத் தெரியும்? எனக்கு எல்லாம் வெள்ளைப் பேப்பர்தான்.”

கூரைக் கம்பியில் சிவப்பு நாடா போட்டு ஒரு கட்டு தொங்கியது. ஆபீஸ் ஃபைலில் கட்டுகிற அதே நாடா. நான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். நூறு பொட்டலத்துக்குக் குறையாது. கட்டுக்கு மேலாக, பின் அடிக்காமல், நாலாக மடித்த ஒரு தாள். என்ன செய்யவேண்டும் என்று ஷெட் ஆட்களுக்குத் தெரிவதற்காக அனுப்பின தாள், கட்டோடு கட்டாக இங்கே வரைக்கும் வந்துவிட்டது.

பிரித்து உரக்கப் படித்தேன்.

‘முதலாளி அவர்களுக்கு. பணியாளர் ஃபைல்களில் உள்ள ஒரு பக்கத் தாள்களைப் பொட்டலம் செய்ய எடுத்துத் தரும்படி சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் அவரவர் குடும்ப விஷயம், வியாதி விஷயம் எல்லாம் இருக்கிறது. வெளியே போனால் மானக்கேடு ஆகும். வேறு தாள் உபயோகிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஜோதியம்மாள், ரெக்கார்டு கிளார்க்.’

கீழே பச்சை மையில், பெரிய எழுத்தில்: ‘சுவாமி காரியம்தானே. யார் படிக்கப்போகிறார்கள்? எடுத்துக் கொடுக்கவும். ராஜேந்திரன்.’ தேதியோடு கையெழுத்து.

நான் ஸ்டூலிலிருந்து குதித்தேன். “மேடம்! ஜெயிச்சாச்சு! முதலாளியே பச்சை இங்க்ல தூக்கு மாட்டிக்கினு தொங்கறாரு! மூணு மணிக்கு மேசைல போடறோம், அந்தம்மா தலை நிமிந்து நிக்கறாங்க! பச்சையம்மாக்கா, ரெண்டு சுக்குக் காப்பி போடு!”

மேடம் என் கையிலிருந்து தாளை வாங்கினார். பச்சை மையைப் பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பினார்.

திருப்பினவர் அப்படியே நின்றார். காப்பி ஆறிப்போகும்வரை நின்றார்.

“மேடம்?”

தாளை என்னிடம் நீட்டினார். பின்பக்கத்தில் மை மங்கிப்போன பழைய கையெழுத்து. அதே ஜோதியம்மாள், பதினாலு வருஷத்துக்கு முந்தி எழுதினது. 1984, ஜூன்.

‘எனக்குத் தொழுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டபடியால், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுக்க எட்டு மாதம் விடுப்பு தரும்படி வேண்டுகிறேன். ஏழு வயதுப் பெண் குழந்தையை என் தங்கை வீட்டில் விட்டுப் போகிறேன். குழந்தைக்கும் ஊருக்கும் தெரியாமல் தாங்கள் இதை இரகசியமாக வைத்துக் காப்பாற்ற வேண்டும்.’

அதன் கீழே ராஜேந்திரனின் அதே பச்சை மை: ‘அனுமதி. இரகசியம்.’ எட்டு மாதம் கழித்து வேறொரு தேதியில்: ‘டாக்டர் சான்று பார்த்தேன். முற்றிலும் குணம். யாருக்கும் தொற்றாது. வேலையில் சேரலாம்.’

அந்தக் கடைசி வரியை யார் படிக்கப்போகிறார்கள்? செங்கத்து வாத்தியார் வீட்டில் படிப்பார்களா? முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

“காப்பி இன்னாத்துக்குங்க அப்படியே வெச்சுட்டீங்க?” என்றாள் பச்சையம்மாள்.

மேடம் கட்டு முழுவதையும் கேட்டார். முறுக்குக்கு வேறு காகிதம் அனுப்புகிறேன் என்றார். பச்சையம்மாள் கொடுத்துவிட்டாள். “என்னை மட்டும் எதுலயும் இழுத்து விட்டுடாதீங்க தாயி” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

*

இரண்டு மணிக்கு வேங்கிக்கால் பஸ் நிழற்குடையில் ஜோதியம்மாளைப் பிடித்தோம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உருவம், நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்று. மேடம் தாளை எடுத்து, இரண்டு பக்கமும் தெரியாமல் மடித்தபடியே காட்டினார். பார்த்ததும் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“அபிநயா பாத்துட்டாளா?” இதுதான் முதல் கேள்வி.

“இல்ல. இவனும் நானும்தான்.”

ஜோதியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

“இதுல போய் ஏம்மா குறிப்பு எழுதினீங்க? வேற பேப்பரா இல்ல?” என்று நான் கத்தியேவிட்டேன்.

“எங்க ஆபீஸ்ல உள் வேலைக்குப் புதுப் பேப்பர் தர மாட்டாங்க தம்பி. பழசு பின்பக்கம்தான் எழுதணும். ஒரு பக்கம் காலியா இருக்கறதெல்லாம் பொட்டலத்துக்குப் போவுதுன்னாங்க. முதல்ல என்னோடதை உருவி எடுத்தேன். ரெண்டு பக்கமும் எழுதிட்டா பொட்டலத்துக்கு ஆவாது இல்லையா? மத்தவங்களுக்காகவும் எழுதின மாதிரி ஆச்சு, என்னோடதும் திரும்ப ஃபைலுக்கே வந்துடும்னு நெனைச்சேன். அவரு கையெழுத்துப் போட்டுட்டு, கட்டு மேல வெச்சு ஷெட்டுக்கு அனுப்பிட்டாரு.”

எனக்கு அந்த அம்மாளின் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. எவ்வளவு யோசித்திருக்கிறாள்! எவ்வளவு அழகாக யோசித்து எங்கே வந்து மாட்டியிருக்கிறாள்!

“முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தா?” என்றேன்.

“ஒரிஜினல் எங்கன்னு கேப்பான்டா” என்றார் மேடம். “கோர்ட்ல எத்தனை பார்த்திருக்கேன்.”

“பின்பக்கத்துல வேற பேப்பரை ஒட்டிட்டா?”

“ஒட்டினதைப் பிரிக்காம எவன் விடுவான்?”

ஜோதியம்மாள் தலையை ஆட்டினாள். “பேப்பரே வேணாங்க. மறுநாள் காலைல அவரு என்னைக் கூப்பிட்டாரு. உக்காரச் சொல்லி மோர் வரவழைச்சாரு. ‘இத்தனை வருஷம் உன் விஷயத்தை நான் வாயைத் திறக்கலை ஜோதி. அந்தக் குறிப்பைப் பத்தி நீ பேசினா, அதோட பின்பக்கத்தைப் பத்தி நானும் பேச வேண்டி வரும். உன் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்மா’ன்னாரு. கோவமா சொல்லலைங்க. என் தலைல கை வெச்சுச் சொன்னாரு.”

வேட்டி கட்டி மூடின பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். பதினாலு வருஷம் ஒரு இரகசியத்தை நிஜமாகவே காப்பாற்றின மனுஷன்தான். அதைக் காப்பாற்றியதற்கு வட்டியும் முதலுமாக ஒரே நாளில் வாங்கிவிட்டார்.

“அபிநயாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க” என்றார் மேடம். “அவ புரிஞ்சுக்குவா.”

“புரிஞ்சுக்குவா. அதாங்க பயம். புரிஞ்சுக்கினு, கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம், எங்கம்மா மானம்தான் பெருசுன்னு நேரா ஆபீஸ்ல வந்து இந்தப் பேப்பரைப் படிப்பா. என் பொண்ணை எனக்குத் தெரியாதா?” அவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எட்டு மாசம் அவ ஏங்கிட்டா. நான் டிரெயினிங் போயிருக்கேன்னு சொல்லி வெச்சிருந்தோம். திரும்பி வந்தப்ப என்கிட்ட வரமாட்டேன்னு என் தங்கச்சி பின்னால ஒளிஞ்சுக்கினா. அதுக்கு ஈடா இது. ஜெயிலுக்கு மட்டும் போகாம பாத்துக்கங்க. நான் ஜெயிலுக்குப் போனாலும் கல்யாணம் நிக்கும்.”

மேடம் தாளைக் கைப்பையில் வைத்து மூடினார். பிறகு எழுந்தார்.

“வாடா. முதலாளியைப் பார்க்கணும்.”

*

ராஜேந்திரனின் அறையில் மேடம் இருந்தது சரியாக மூன்று நிமிஷம். நான் கதவோரம் நின்றேன். மேடம் உட்காரவில்லை. பச்சை மை தெரிகிற பக்கத்தை மட்டும் காட்டினார். ராஜேந்திரன் கை நீட்டினார். மேடம் தரவில்லை.

“அந்தம்மா வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா போலீஸ்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்தா, இந்தப் பச்சை இங்க் நூத்தைம்பது பேர் கைக்கும் போகும். பின்பக்கத்தைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். நான் அவங்களுக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல” என்றார். பொய். வரும் வழியில் என் முதுகில் சாய்ந்து அழுதவர் அவர்.

ராஜேந்திரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் கெட்டவன் இல்லைங்க. சாமி காரியம்னு நெனைச்சுப் பண்ணேன். யார் படிக்கப்போறாங்கன்னு நெனைச்சேன். இப்ப நான் ஒத்துக்கிட்டா, வண்டி எடுக்க ஒருத்தன் வர மாட்டான்.”

“தெரியும்” என்றார் மேடம். “அதுக்குத்தான் ஒரு பொம்பளை கெடைச்சாளே.”

*

மூன்று மணி. விசாரணை அதிகாரி ஒரு ரிட்டயர்டு ஆசாமி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் ஓரமெல்லாம் காக்கிச் சட்டைகள். அதில் மாறன் ஒருவன். அவர்களுக்குப் பின்னால், எட்டிப் பார்த்துக்கொண்டு அபிநயா. என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டாள், கெடைச்சுதா? நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். என் ஜென்மத்தில் அவ்வளவு கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

“ஜோதியம்மாள், உங்க பொறுப்புல இருந்த பேப்பருங்க எப்படி வெளிய போச்சு?”

“நான்தாங்க கடைக்குப் போட்டேன்.”

ஜன்னல் பக்கம் ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது.

“எந்தக் கடை?”

“ஞாபகம் இல்லைங்க.”

“உங்க தரப்புல சொல்ல ஏதாவது இருக்குதா? எழுத்து மூலமா எதுவும்?”

“ஒண்ணும் இல்லைங்க.”

ராஜேந்திரன் எழுந்தார். குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை என்றே நினைக்கிறேன். “இத்தனை வருஷம் வேலை செஞ்சவங்க. பொம்பளை. போலீஸ் எல்லாம் வேணாம். வேலையிலேர்ந்து மட்டும் நிறுத்திடறேன். நான் மன்னிச்சுட்டேன்.”

வெளியே ஒரு டிரைவர், “முதலாளிக்கு எம்மாம் பெரிய மனசு பாரு” என்றான். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு அந்த ஜன்னலை உடைக்கவேண்டும் போல் இருந்தது. என் சட்டைப்பைக்கு அரை அடி தூரத்தில், மேடத்தின் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் போதும். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

ஜோதியம்மாள் வெளியே வந்தபோது கூட்டம் வழிவிட்டது, மரியாதைக்காக இல்லை. மாறன் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மேடம் பின்னாலேயே போய் அந்தத் தாளை யாருக்கும் தெரியாமல் அவள் சாப்பாட்டுப் பையில் செருகினார். பொட்டலக் கட்டை அன்று சாயங்காலமே எங்கள் லாட்ஜ் மொட்டை மாடியில் நான் கொளுத்தினேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், ஷெட் வாசலில் அபிநயா எங்களை மறித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“குறிப்பு கெடைக்கலையா மேடம்?”

ரேணுகாம்பாள் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பொய்யை டைப் அடித்தவர். அன்று தன் வாயால் ஒன்று சொன்னார்.

“இல்லம்மா. அப்படி ஒரு குறிப்பே இல்ல.”

அபிநயா அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஜோதியம்மாள் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“மாறன் அண்ணன் பொண்டாட்டி ஓடிப்போனதை எடைக்குப் போட்டிருக்கியேம்மா. எதுக்கும்மா? எனக்கு நகை பத்தலைன்னா? நான் கேட்டேனா உன்னை?”

ஜோதியம்மாளின் விரல்கள் பையின் வாயை இறுக்கி மூடின.

“என்கிட்ட குறிப்பு எழுதினேன்னு சொல்லி அழுதியே, அதுவும் நடிப்பா?” அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். “அவங்க வீட்டாளுங்ககிட்ட நான் எதாவது சொல்லிச் சமாளிக்கறேன். கல்யாணத்துக்கு நீ வராதம்மா. சித்தி பாத்துக்குவாங்க.”

“சரிம்மா” என்றாள் ஜோதியம்மாள். “சித்தியே பாத்துக்கட்டும்.”